ஏணியைப் பிடித்தவர்

அத்தியாயம் 14

போன வாரம் நெட்டையனை பாஸ்கெட்பால் கோர்ட் நடுவில் மல்லாக்கக் கிடக்கும்படி விட்டுவிட்டுப் போனோம். பந்து அவன் கையில் இல்லை. யாரும் அவனை இடிக்கவும் இல்லை. கூடைக்கு அடியில் முழங்கைகளும் தோள்களும் மோதுகிற நெரிசலில் நின்றே பிழைப்பு நடத்தியவன், ஆளில்லாத வெட்ட வெளியில் வேரறுந்தது போலச் சாய்ந்தான்.

சிறிது நேரத்தில் அவனே கண்ணைத் திறந்து, "ஸ்கோர் என்ன?" என்று கேட்டதால் அணியில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தண்ணீர் குடித்திருக்க மாட்டான், சரியாகத் தூங்கியிருக்க மாட்டான் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

கிளப் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

இன்று காலை அந்த ஆஸ்பத்திரியில், இதய டாக்டரம்மாவின் அறையில், நாற்காலி கொள்ளாமல் முழங்கால்களை ஒருபுறமாக மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் நெட்டையன். டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையை அவன் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று சுருங்கிச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது.

"இதான் உங்க இதயம். இந்தச் சுவர் இருக்கு பாருங்க, இது இவ்வளவு தடியா இருக்கக் கூடாது."

"பள்ளிக்கூடத்துலேர்ந்து ஓடிட்டே இருக்கேன் டாக்டர். தடிக்காம என்ன செய்யும்?"

"ஓடறவங்களுக்குத் தடிக்கும். அது எல்லா பக்கமும் சீரா இருக்கும். உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் புடைச்சிருக்கு. இது பரம்பரையா வர்ற கோளாறு. வேகமா ஓடும்போது இதயம் தாளம் தப்பிடும். சில சமயம் நின்னே போயிடும்."

"வருஷா வருஷம் கிளப்புல செக்கப் பண்றாங்களே."

"என்ன பார்ப்பாங்க?"

"முழங்கால், கணுக்கால். அப்புறம் உயரம் அளப்பாங்க."

"உயரம் எதுக்கு?"

"குறைஞ்சிருக்கான்னு பார்ப்பாங்க போல."

டாக்டரம்மாவின் உதடு ஓரமாகச் சிரிக்கப் பார்த்து, வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டது.

"நான் எப்பலேர்ந்து ஆடலாம்?" என்று கேட்டான்.

"இனிமே ஆட முடியாது."

அவர் அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். நெட்டையனுக்குச் சட்டென்று உறைக்கவில்லை. இந்த சீசனா, அடுத்த சீசனுமா என்றுதான் மனசு கணக்குப் போட்டது. அப்புறம்தான் அந்த 'இனிமே' எவ்வளவு தூரம் நீளுகிறது என்பது புரிந்தது.

"நெஞ்சுத் தோலுக்கு அடியில ஒரு சின்னக் கருவி வைக்கணும். இதயம் நின்னா அது உதைச்சு எழுப்பி விடும். இன்னிக்கே அட்மிட் ஆகுங்க. போன தடவை அதுவா திரும்பிடுச்சு. அடுத்த தடவையும் திரும்பும்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன்."

நெட்டையன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். பந்து தேய்த்துத் தேய்த்து ரேகைகள் பாதி அழிந்த கைகள்.

"உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?"

"அப்பா. ஆனா அது ஆக்ஸிடென்ட். பெயின்ட் அடிக்கிற வேலை. ஏணியிலேர்ந்து விழுந்துட்டார்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏன் விழுந்தார்?"

இத்தனை வருஷத்தில் அவனை யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஏன் விழுந்தார் என்பதற்கு அவர்கள் வீட்டில் முன்கூட்டியே ஒரு பதில் இருந்தது. அது சுவர் போல நின்றது. யாரும் அதைத் தட்டிப் பார்க்கவில்லை.

"ஏணியைப் பிடிச்சிட்டிருந்தவர் விட்டுட்டார்," என்றான்.

"அப்படியா? உங்களுக்குத் தெரியுமா, இல்ல சொல்லிக் கேள்வியா?"

அவன் மடக்கிய முழங்கால்களை மறுபுறம் மாற்றி வைத்தான்.

"கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தங்கச்சி. அவளும் ஆடறா. பெண்கள் லீக்ல. இன்னிக்கு மத்தியானம்கூட அவளுக்கு மேட்ச் இருக்கு."

"இருக்கக் கூடாது," என்றார் டாக்டரம்மா. "அவங்களுக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பார்த்துட்டு ஒண்ணும் இல்லைன்னா நாளைக்கே ஆடட்டும். ஆனா பார்க்கிற வரைக்கும் ஓடக் கூடாது. கூட்டிட்டு வாங்க."

"சாயங்காலம் கூட்டிட்டு வர்றேன். நானும் அப்பவே அட்மிட் ஆயிடறேன்."

"படி ஏறி ஓடாதீங்க. யார்கூடவும் சண்டை போடாதீங்க."

"முதல்ல சொன்னது ஈஸி டாக்டர்."

*

வெளியே நடையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கும் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தவள். புடவைத் தலைப்பில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. கடைகளில் அவன் அளவுக்கு பேன்ட் கிடைக்காத காலத்தில் அவள்தான் இரண்டு பேன்ட் துணியை ஒட்டுப்போட்டு ஒன்றாக்கித் தருவாள்.

"ஆட முடியாதாம்மா. இதயத்துல கோளாறு."

அம்மா அவன் முகத்தையே பார்த்தாள். முதலில் பயம்தான் வந்தது. அது போன பிறகு வந்ததைப் பார்த்து நெட்டையனுக்கு வலித்தது. அவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதி.

"போகட்டும். பஸ்ல தலையை இடிச்சுக்கிட்டு ஊர் ஊரா அலையாம வீட்டுல இரு. மூச்சு இருக்கே, அது போதும்."

"சாயங்காலம் அட்மிட் ஆகணும். அதுக்குள்ள கிளப்புக்குப் போய் என் சாமான் எல்லாம் எடுத்துட்டு வந்துடறேன்."

"நான் பொடி மேட்சுக்குப் போறேன். முடிஞ்சதும் அவளையும் இழுத்துட்டு வர்றேன். நீ ஓடாதே, தெரிஞ்சுதா?"

பரம்பரை என்ற சொல்லை அவன் வாயைவிட்டு எடுக்கவில்லை. அதை எடுத்தால் அப்பா வருவார். அப்பா வந்தால் கூடவே சித்தப்பாவும் வருவார். அந்த ஆளின் பெயரை எடுத்தால் அம்மா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள் என்பது அவர்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும்.

தங்கைக்கு ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே போன் போட்டான். பொடி என்பது பேருக்குத்தான். தெருவில் யாரும் அவளைக் குனிந்து பார்க்க முடியாது. அண்ணன் பக்கத்தில் நின்றால் மட்டும் பொடி.

"சொல்லுண்ணா. என்ன, முழங்காலா?"

"முழங்கால் இல்ல. இதயம். எனக்கு முடிஞ்சு போச்சு பொடி. இனிமே ஆட முடியாது."

மறுமுனையில் பந்து தரையில் தட்டுகிற சத்தம் நின்றது.

"அண்ணா..."

"அதை அப்புறம் பேசலாம். இது குடும்பத்துல வர்றதாம். உனக்கும் இருக்கலாம். டெஸ்ட் எடுக்கிற வரைக்கும் நீ ஆடக் கூடாது. இன்னிக்கு மேட்ச் வேண்டாம்."

"இன்னிக்கா? இன்னிக்கு யார் யாரு வர்றாங்கன்னு தெரியுமா? முதல் டிவிஷன் செலக்டர்கள் கேலரியில உட்காரப் போறாங்க. இதுக்குத்தானே கணுக்கால் ஒடிஞ்சும் திரும்பி வந்தேன்."

"தெரியும்."

"குடும்பத்துல யாருக்கு இருந்துச்சு? சொல்லு."

"அப்பாவுக்கு இருந்திருக்கலாம்."

"அப்பா ஏணியிலேர்ந்து விழுந்தார். சித்தப்பா கையை விட்டுட்டார். நான் பொறந்ததுலேர்ந்து இதைத்தானே சொல்லி வளர்த்தீங்க. இன்னிக்குக் காலைல கதையை மாத்திட்டீங்களா?"

"டாக்டர் கேட்டாங்க பொடி, ஏன் விழுந்தார்னு. நம்மகிட்ட பதில் இல்ல."

"டாக்டர் அங்க இருந்தாங்களா? அங்க இருந்தது ஒரே ஒரு ஆள். அவரை நீ கேட்டியா?"

அவள் வைத்துவிட்டாள்.

நெட்டையன் போனைச் சட்டைப் பையில் போட்டான். பிறகு ஒரு டாக்சியை நிறுத்தினான். கிளப்புக்குப் போகச் சொல்லவில்லை.

*

சித்தப்பா எங்கே இருக்கிறார் என்பது அவனுக்கு ரொம்ப நாளாகவே தெரியும். வெளியூர் ஆட்டத்துக்கு அணியின் பஸ் போகிற வழியில், நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கார் பட்டறை. அதன் வாசலில் முகமூடி போட்டுக்கொண்டு ஸ்ப்ரே அடிக்கிற உயரமான ஆளை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான். தோளைப் பார்த்தே தெரிந்துகொண்டான். அப்பாவுக்கும் அதே தோள். ஒரு தடவையும் இறங்கியதில்லை.

டாக்சியின் பின் சீட்டில் கால் நீட்ட வழியில்லாமல் குறுக்கே உட்கார்ந்தபடி, பன்னிரண்டு வருஷத்தை ஓட்டிப் பார்த்தான். முதல் கிளப்பின் விடுதியில் கட்டிலுக்கு வெளியே தொங்கிய கால்கள். நாலு ஊர், நாலு கிளப். தேசிய அணி முகாமில் கடைசி நாள் வரை வைத்திருந்து, கடைசி நாளில் கையைக் குலுக்கி அனுப்பியது. அவன் பெரிய நட்சத்திரம் இல்லை. கூடை போடுகிறவனுக்கு வழி விடுவதும், எதிராளி வந்தால் மார்பால் மறிப்பதும், தவறிய பந்தை எட்டி எடுப்பதும்தான் அவன் வேலை. எடுத்த பந்தைவிட வாங்கிய இடி அதிகம். இந்த சீசனில்தான் கேப்டன் ஆக்கினார்கள். இன்னும் அந்தப் பட்டம் புதுசு மாறவில்லை.

அந்த மார்புக்குள்தான் இத்தனை நாளும் இது இருந்திருக்கிறது.

பட்டறையில் பெயின்ட் தின்னர் வாசனை மூக்கை அரித்தது. ஒரு காரின் கண்ணாடிகளில் பழைய பேப்பரை டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார் சித்தப்பா. தலை முழுக்க நரைத்திருந்தது. அதன் மேல் நீல நிறத்தில் பெயின்ட் தூசு.

நிழல் விழவும் நிமிர்ந்தார். ஆளைத் தெரிந்துகொண்டார். டேப் சுருளை மெதுவாகக் காரின் மேல் வைத்தார்.

"அண்ணிக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"அம்மா நல்லா இருக்காங்க."

"அப்ப நீ எதுக்கு வந்தே?"

"ஒண்ணு கேக்கணும். அப்பா எப்படி விழுந்தார்?"

கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா போய் அதை நிறுத்தினார். திரும்பி வந்து முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இவ்வளவு வருஷம் கழிச்சுக் கேக்குறே."

"ஆமா."

"நம்புவியா?"

"தெரியல. சொல்லுங்க."

அவர் காரின் மேல் சாய்ந்துகொண்டார். பேச்சு அவரிடம் தயாராக இருந்தது போலத்தான் வந்தது. தனக்குத்தானே பல தடவை சொல்லிப் பார்த்த பேச்சு.

"மூணு மாடிக் கட்டடம். அண்ணன் மேல, நான் கீழ. என் வேலை ஏணியைப் பிடிக்கிறது. ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தேன். முதல்ல பிரஷ் விழுந்துச்சு. என் தோள் மேல. நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் ரெண்டு கையும் தொங்குது. ஏணியில சாய்ஞ்சு நின்னார், தூங்குற ஆள் மாதிரி. நான் கூப்பிட்டேன். அப்புறம்தான் வந்தார்."

முகமூடியைக் காரின் மேல் வைத்தார்.

"விழுற ஆள் எதையாவது பிடிப்பான். கத்துவான். அண்ணன் எதையும் பிடிக்கல. சத்தமே இல்ல. மூட்டை மாதிரி வந்தார். அவர் தரையில கிடக்கிறார், ஏணி அசையாம நிக்குது. நான் அப்பவும் பிடிச்சிட்டுத்தான் இருக்கேன்."

நெட்டையனுக்குத் தன் உடம்பு கோர்ட் தரையில் சாய்ந்த கணம் ஞாபகம் வந்தது. அவனும் எதையும் பிடிக்கவில்லை. சத்தம் போடவில்லை. விழுந்ததே தெரியவில்லை.

"அதுக்கு முன்னாடி அவருக்கு உடம்புக்கு ஏதாவது?"

"பாதி ஏணியில நின்னுடுவார். நெத்தியை ஏணிப்படியில வச்சுக்குவார். கேட்டா, வெயில்டான்னுவார். வீட்டுல சொல்லாதேன்னுவார். நீ எதுக்கு இதெல்லாம் கேக்குறே?"

நெட்டையன் சொன்னான். திரையில் பார்த்தது, டாக்டரம்மா சொன்னது, பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது, எல்லாவற்றையும்.

சித்தப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கீழே இருந்த பெயின்ட் டின்னின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்தைப் பார்த்து நெட்டையன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"அப்ப நான் விடல," என்றார்.

"நீங்க விடல சித்தப்பா."

"எனக்கே தெரியாமப் போச்சுடா. முதல்ல எல்லாம் நிச்சயமா இருந்தேன். எல்லாரும் சொல்லிச் சொல்லி, எனக்கே சந்தேகம் வந்துருச்சு. ஒருவேளை நான்தான் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தேனோ, ஒரு கையை எடுத்தேனோன்னு. கனவுல தினம் விடுறேன். அண்ணனைத் தவற விட்டவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? நானும் கேக்கல. டிவியில உன்னைக் காட்டினா மாத்திடுவேன். அண்ணன் நடக்கிற மாதிரியே நடக்குறே."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் நெட்டையனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சித்தப்பா, என்கூட வரணும். பொடி இன்னும் கொஞ்ச நேரத்துல ஆடப் போறா. நான் சொன்னா நம்பல. நீங்க சொல்லணும்."

"பாப்பாவா? அவளை நான் கைக்குழந்தையாப் பார்த்தது." எழுந்தார். "அண்ணி இருப்பாங்களா?"

"இருப்பாங்க."

சித்தப்பா கையைத் தின்னரில் கழுவினார். சட்டையை மாற்றினார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். ஆனால் வந்தார்.

*

உள்ளரங்கத்தின் பின்வாசல் வழியாகப் போனால் உடை மாற்றும் அறைக்கு முன்னால் ஒரு குறுகலான நடை. காவலாளிக்கு நெட்டையனைத் தெரியும். விட்டார். பொடி ஜெர்ஸியுடன் வெளியே வந்தாள். கணுக்காலில் வெள்ளைக் கட்டு.

"இவர் யாரு?"

"சித்தப்பா."

அவள் அந்த மனிதரை ஏற இறங்கப் பார்த்தாள். வீட்டில் அவர் இருந்த போட்டோக்களை எல்லாம் எரித்துவிட்டதால், படத்தில்கூட அவள் அவரைப் பார்த்ததில்லை. அவர் சொல்ல ஆரம்பித்தார். பட்டறையில் சொன்னதைப் பாதியாகச் சுருக்கி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முடிந்ததும் அவள் குனிந்து கணுக்கால் கட்டை இறுக்கினாள்.

"சரி. நம்பறேன்," என்றாள். "நாளைக்குக் காலைல முதல் ஆளா டெஸ்டுக்குப் போறேன். இன்னிக்கு ஆடிட்டு வந்துடறேன்."

"பொடி."

"ஒரே ஒரு மேட்ச் அண்ணா. எத்தனை மேட்ச் ஆடிட்டேன், ஒண்ணும் ஆகலையே. இன்னிக்குன்னு பார்த்து ஆகுமா?"

"நானும் அத்தனை மேட்ச் ஆடினேன்."

"நீ ஆடினே இல்ல? பேர் வாங்கினே, கேப்டன் ஆனே. எனக்கு இன்னும் ஒண்ணுமே ஆரம்பிக்கல. உனக்கு முடிஞ்சா எனக்கும் முடியணுமா?"

அவள் அதைச் சொன்னதும் அவளுக்கே சுட்டது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் திருப்பி எடுக்கவில்லை. அண்ணனைத் தாண்டிக் கோர்ட்டுக்குள் போய்விட்டாள்.

நெட்டையன் அவள் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் இடத்தில் அவன் இருந்தால் அவனும் ஆடத்தான் போயிருப்பான். யார் தடுத்தாலும் இடித்துத் தள்ளிவிட்டுப் போயிருப்பான். அது தெரிந்ததால்தான் கால் நகர மறுத்தது.

உள்ளே விசில் ஊதுவதற்கு முன்னால் இரண்டு அணிகளும் கடைசியாகக் கூடிக் கை சேர்க்கிற நேரம். அவன் கோடு ஓரமாக நடந்தான். ஓடவில்லை. கேலரியில் சிலர் அவனை அடையாளம் கண்டு கை தட்டினார்கள். பொடியின் கோச் கழுத்தில் துண்டு போட்ட நடுவயது அம்மாள். பழைய ஆட்டக்காரி. அவர் காதருகே குனிந்து, சுருக்கமாக எல்லாவற்றையும் சொன்னான்.

கோச் கேட்ட கேள்வி ஒன்றுதான். "டாக்டர் வாயால சொன்னதா?"

"ஆமா மேடம்."

அவர் கேலரியில் செலக்டர்கள் உட்கார்ந்திருந்த வரிசையை ஒரு முறை பார்த்தார். பிறகு பொடியைக் கூப்பிட்டார்.

"உட்காரு."

"மேடம், என் பொறுப்புல ஆடறேன். வேணும்னா எழுதித் தர்றேன்."

"நீ எழுதித் தர்றதை வச்சுக்கிட்டு நான் உங்கம்மாகிட்ட என்ன சொல்றது? உட்காரும்மா."

பொடி உட்கார்ந்தாள். அழவில்லை, கத்தவில்லை. அண்ணனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் இடத்தில் பள்ளிக்கூடப் பெண் போலிருந்த ஒருத்தி இறங்கினாள். ஆட்டம் ஆரம்பித்தது. முதல் பாதி முடிவதற்குள் செலக்டர்கள் எழுந்து, பைகளை எடுத்துக்கொண்டு, படியிறங்கிப் போனார்கள். அதை மட்டும் பொடி பார்த்தாள். கடைசி ஆளின் முதுகு மறைகிற வரைக்கும் பார்த்தாள்.

மகள் பெஞ்சில் இருப்பதைக் கண்டு கேலரியிலிருந்து அம்மா இறங்கி வந்தாள். நடையில் நெட்டையனையும் பக்கத்தில் நின்ற ஆளையும் ஒன்றாகப் பார்த்தாள். அவள் கால் நின்றது.

"இந்த ஆள் எதுக்கு இங்க வந்தான்?"

"நான்தான்மா கூட்டிட்டு வந்தேன்."

"உனக்கு நெஞ்சு மட்டும்தான் கெட்டுச்சா, புத்தியும் கெட்டுப்போச்சா?"

"அம்மா, எனக்கு இருக்கிறது அப்பாவுக்கும் இருந்திருக்கு. அவர் விழுந்து சாகல. ஏணி மேலயே உயிர் போயிடுச்சு. அப்புறம்தான் விழுந்தார். சித்தப்பா ஏணியை விடவே இல்ல."

வாய் திறந்தால் திட்டு விழும் என்று பழகிப்போன ஆள் நிற்பது போல, சுவரோடு சுவராக நின்றார் சித்தப்பா.

அம்மாவின் முகத்தில் ஒன்றுமே அசையவில்லை. உள்ளே இருந்து கூட்டத்தின் சத்தம் எழுந்து அடங்கியது. அவள் கேட்டபோது கணவனைப் பற்றிக் கேட்கவில்லை.

"பொடிக்கும் இருக்கா?"

"தெரியாதும்மா. பார்க்கணும்."

"அதுக்குத்தான் உட்கார வச்சியா?"

"ஆமா."

"நல்ல வேலை செஞ்சே," என்றாள் அம்மா. குரல் எங்கிருந்தோ வந்தது. "கூப்பிடு அவளை. போகலாம்."

சித்தப்பா மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தார். நெட்டையன் அவர் முழங்கையைப் பிடித்தான். "நீங்களும்தான். டாக்டர் உங்களையும் பார்க்கணும்னுவாங்க. கூடப்பிறந்தவர் இல்லையா?"

டாக்சியில் கால் நீளம் காரணமாக நெட்டையன்தான் முன்னால். பின்னால் மூன்று பேர். நடுவில் பொடி, ஜெர்ஸியைக் கழற்றாமலே. அவளுக்கு ஒரு பக்கம் அம்மா, மறு பக்கம் சித்தப்பா. இரண்டு பேரும் அவரவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது பொடி சொன்னாள்.

"அண்ணா, டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைன்னு வந்தா, நான் உன்கூட இந்த ஜென்மத்துல பேச மாட்டேன்."

"பேசாட்டி பரவாயில்ல," என்றான் நெட்டையன், திரும்பாமல்.

*

ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஒரு அங்கி கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கணுக்கால் வரை வருவது அவனுக்கு முழங்காலோடு நின்றது. அதைப் போட்டுக்கொண்டு சக்கர நாற்காலியில் உட்கார வைத்தபோது, தள்ளுகிறவர் கால்களை எங்கே வைப்பது என்று தடுமாறினார். வேறு நாளாக இருந்தால் பொடி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று அவள் நேராக ஸ்கேன் அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

வார்டுக்குப் போக மாட்டேன், அவள் வரட்டும் என்று நெட்டையன் நடையிலேயே இருந்துவிட்டான். எதிரே நீளமான இரும்பு பெஞ்சில் ஒரு ஓரத்தில் அம்மா, மறு ஓரத்தில் சித்தப்பா. நடுவில் நாலு பேர் உட்காரலாம்.

அரை மணிக்கு மேல் ஆயிற்று. ஒரு நர்ஸ் உள்ளே போனாள், வெளியே வரவில்லை. தன்னைப் பார்த்தபோது டாக்டரம்மா இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாரா என்று நெட்டையன் நினைத்துப் பார்த்தான். எடுத்துக்கொண்டார். அந்த நினைப்பை அப்படியே அமுக்கினான்.

அம்மா தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"நான் அன்னிக்கு அவ்வளவு சொன்னேனே. நீ ஏன் அடிச்சுச் சொல்லல, நான் விடலன்னு?"

"சொன்னேன் அண்ணி," என்றார் சித்தப்பா. "ஆஸ்பத்திரியில சொன்னேன். வீட்டு வாசல்ல நின்னு சொன்னேன். நீங்க கதவைச் சாத்திட்டீங்க."

அம்மா மறுக்கவில்லை. தலைப்பில் ஒட்டியிருந்த நூல் பிசிறைப் பிய்த்தபடி மறுபடியும் கேட்டாள்.

"அன்னிக்கு ஏணியில ஏறினப்புறம் ஏதாவது பேசினாரா?"

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

"வெயில் அந்தப் பக்கம் திரும்புது, சாப்பாட்டுத் தூக்கை நிழல்ல தள்ளி வைடான்னார். அண்ணி கையால கட்டினது, கெட்டுடப் போகுதுன்னார். அவ்வளவுதான்."

அம்மா தலையை ஆட்டினாள். புடவைத் தலைப்பை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. நெட்டையன் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தான். சித்தப்பா வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

கதவு திறந்தது. டாக்டரம்மா வந்து நின்றார். அவர் பார்வை நெட்டையனிடம் வந்து, தங்காமல் நகர்ந்து போனது.

"பொண்ணோட அம்மா நீங்கதானே? கொஞ்சம் உள்ள வாங்க."

அம்மா எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கதவு வரை போனவள், பிடியில் கை வைத்தபடி நின்றாள். பிறகு பெஞ்சில் இருந்த சித்தப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"தம்பி," என்றாள். "நீயும் வா."